யானை வராத வேன்

ஜூலை 7, திங்கள்

அப்பா மில்லுக்குப் போய்விட்டார். அம்மா முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். நான் சமையல்கட்டு லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். யாராவது வந்தால் மாவு பொங்கி வழிகிறதா என்று பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த நோட்டை அம்மா பார்க்கக் கூடாது. அப்பா பார்க்கவே கூடாது.

இன்று கம்ப்யூட்டர் மிஸ் என்னையும் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் இன்னும் இரண்டு பேரையும் லேபுக்குக் கூப்பிட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஜெசிந்தா என்று ஒருவர் வந்திருந்தார். எங்கள் ஸ்கூல் ஆப்பைச் செய்த கம்பெனியில் வேலை. ஹோம்வொர்க், லீவு, மார்க் எல்லாம் அந்த ஆப்பில்தான் அம்மாக்களின் போனுக்கு வரும். மேடம் என்று கூப்பிட்டோம். "அய்யோ, அக்கான்னே கூப்பிடுங்க. மேடம்னா எங்க மாமியார் ஞாபகம் வருது" என்றார்.

ஆப்பில் 'வேன் பற்றிச் சொல்ல' என்று ஒரு பட்டன் இருக்கிறதாம். வேனில் ஏதாவது தப்பு நடந்தால் பெற்றோர் அதில் எழுதி அனுப்பலாம். பெயர் போகாது, வேன் நம்பர் மட்டும் போகும். எழுதியதைப் பஸ் இன்சார்ஜ் முருகானந்தம் சார் மட்டும்தான் படிக்க முடியும். போன வருடத்திலிருந்து இருக்கிறது, ஆனால் ஒருவரும் தொடவில்லை. அதனால் இப்போது ஒரு கார்ட்டூன் யானைக்குட்டியை விட்டிருக்கிறார்கள். ஆப்பைத் திறந்ததும் அது மூலையிலிருந்து ஆடிக்கொண்டே வந்து, தும்பிக்கையால் தொட்டுக் காட்டும். முதலில் இங்கே, பிறகு இங்கே, பிறகு இங்கே என்று. யானை பேசும் தமிழ் பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று பார்க்கத்தான் எங்களைக் கூப்பிட்டது.

ஒன்று முதல் ஐந்து வரை உள்ள வேன்களின் வீடுகளுக்கு யானை வரும். ஆறு முதல் பத்து வரை வராது.

"பாவம், அவங்களுக்கும் விடலாமில்லக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் விட்டுட்டா, யானை சொல்லி அழுத்துனாங்களா, அவங்களாவே அழுத்துனாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? பாதிக் காட்டுக்கு உரம் போட்டுப் பாதிக்குப் போடாம பார்க்கறாங்கல்ல, அந்த மாதிரி. நீங்க மூணு பேரும் பட்டன் எங்க இருக்குன்னு வெளியில யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா என் கணக்கு கெட்டுப்போயிரும்."

சத்தியம் கேட்கவில்லை. நானாகச் செய்து கொடுத்தேன்.

என் வேன் ஆறு. அதை ஓட்டுவது அப்பா.

ஜூலை 8, செவ்வாய்

இன்று முன்சீட் டூட்டி தன்யாவுக்கு. நாலாம் வகுப்புதான், ஆனால் அவள்தான் எங்கள் வேனில் நன்றாகச் செய்வாள்.

டூட்டி என்றால், முன்சீட்டில் இருப்பவர் அப்பாவிடம் பேசிக்கொண்டே வர வேண்டும். பேச்சு நிற்கக் கூடாது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. அப்பா நைட் ஷிப்ட் போக ஆரம்பித்த பிறகு, அதுவாகவே வந்துவிட்டது. அம்மா முதுகுவலியால் தையல் வேலையை விட்டதும் அப்பா மில்லில் சேர்ந்தார். ராத்திரி முழுக்க மில், விடிந்ததும் வேன்.

"துரை மாமா, ஒரு விடுகதை. நாலு காலிருக்கும், நடக்காது. ஏறி உக்காந்தா எங்க மேத்ஸ் மிஸ்ஸாட்ட கிறீச்சுங்கும். என்னது?"

"உங்க மேத்ஸ் மிஸ்ஸோட வூட்டுக்காரரா?"

வேன் முழுக்கச் சிரிப்பு. "ஸ்டூலு மாமா, ஸ்டூலு!" என்று தன்யா கத்தினாள்.

வாய்க்கால் பாலம் வந்தபோது அவள் அடுத்த விடுகதையை யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிறு நேரத்தில் அப்பாவின் தலை சரிந்தது. நான் பின்னாலிருந்து அவர் தோளைக் கிள்ளினேன்.

"தூங்குலம்முணி. வெயிலு, கண்ணு கூசுது" என்றார்.

வெயில் எங்களுக்குப் பின்னால் இருந்தது.

ஜூலை 10, வியாழன்

கணக்கு டெஸ்டில் முப்பத்தொன்று. தண்ணீர் வந்தது, இரண்டு டிரம்மும் நிரப்பினேன். அப்பா இன்று தூங்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஜெசிந்தா அக்கா லேப்டாப்பில் கோடு கோடாகக் காட்டினார். யானை வந்த வேன்களின் கோடு மலை மாதிரி ஏறி இருந்தது. எங்கள் பக்கத்துக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. யானை வேலை செய்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் மிஸ் கை தட்டினார்.

அக்கா தட்டவில்லை. "எல்லாம் முதல் நாளே வந்தது மிஸ். அப்புறம் யாரும் திரும்ப வரலை. எழுதினது என்னன்னு எனக்குத் தெரியாது, எத்தனை எழுத்துன்னு மட்டும் தெரியும். பாதிப் பேர் ரெண்டெழுத்து, மூணெழுத்துதான். ரெண்டெழுத்துல என்ன புகார் சொல்ல முடியும்?"

எனக்குத் தெரியும். மூன்றாம் நம்பர் வேனில் வரும் பிள்ளைகள் அம்மா போனை எடுத்து யானையோடு விளையாடினார்கள். 'ஹாய்' என்று அனுப்பினார்களாம். ஒருத்தி யானைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாளாம்.

"அழுத்தறது வேற, தேவைக்கு அழுத்தறது வேற. நான் மொதல்ல சொன்னதை மட்டும்தான் எண்ணியிருக்கேன் போல" என்றார் அக்கா. பிறகு எங்கள் மூன்று பேருக்கும் எள்ளுருண்டை கொடுத்தார்.

ஜூலை 14, திங்கள்

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் வாய்க்கால் பாலம் தாண்டியதும் வேன் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. டூட்டியில் இருந்த பெண்ணுக்குக் காய்ச்சல், அவளும் கண்ணை மூடியிருந்தாள். ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் ஓடி, மைல் கல்லில் இடித்து நின்றது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் வாய்க்கால். இப்போது அதில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

தன்யாவின் உதடு கம்பியில் பட்டுக் கிழிந்தது. என் கைக்குட்டையை வைத்து அழுத்தினேன். அவள் அழவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அப்பா இறங்கி வந்து ஒவ்வொருவரின் தலையையும் தொட்டுப் பார்த்தார். கடைசியில் படியில் நின்றுகொண்டு, "கண்ணுகளா, வூட்ல சொல்லிப்போடாதீங்க. மாமாவுக்கு வேல போயிரும்" என்றார்.

"சொல்லமாட்டோம் மாமா" என்று எல்லோரும் சொன்னார்கள். தன்யாவும் கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னாள். நானும் சொன்னேன்.

ஸ்கூலில் அவள் மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். பிளாஸ்திரி போட்டுவிட்டார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

தன்யாவின் அம்மா அமுதவல்லி அக்கா தினமும் அவர்கள் ஸ்டாப்பில் அப்பாவுக்கு ஒரு தம்ளர் டீ கொடுப்பார். நல்ல மனசு என்று அம்மா சொல்வாள். இன்று தம்ளர் இல்லை, பெரிய ஃபிளாஸ்க்காகவே கொடுத்துவிட்டார்.

"வழியில நிறுத்தி நிறுத்திக் குடிங்ணா. தூங்கிப்போடாதீங்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார்.

அவருக்குத் தெரியும். அப்பா தூங்குவது அமுதவல்லி அக்காவுக்குத் தன்யா சொல்லித் தெரிந்ததல்ல, முன்பே தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் கொடுத்த டீயும் அதற்குத்தான்.

மதியம் எங்கள் வேனில் வரும் மற்ற பெண்களிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். ஒருத்தியின் அம்மா தினமும் சாமிக்கு விளக்குப் போட்டுவிட்டுத்தான் வேனில் ஏற்றிவிடுகிறாராம். இன்னொருத்தியின் அப்பா, "துரையண்ணனை விட்டா நம்ம சந்துக்குள்ள எந்த வேன் வரும்? மெயின் ரோட்டுலதான் நிக்கோணும்" என்றாராம். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஜூலை 16, புதன்

ஜெசிந்தா அக்கா வராண்டாவில் என்னைப் பார்த்தார். "மேகலா, நீ வேன் ஆறுதானே? அடுத்த வாரம் உங்களுக்கும் யானை விடலாமான்னு யோசிக்கறேன். எப்படி இருக்கும்?"

"யானை வந்தாலும் எங்க வேன்ல யாரும் அழுத்த மாட்டாங்கக்கா."

"ஏன்? எங்க இருக்குன்னு தெரியாதா?"

"தெரிஞ்சாலும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். மணி அடித்தது. ஓடி வந்துவிட்டேன். அதிகமாகப் பேசிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

சாயங்காலம் அம்மா குளிக்கப் போனபோது அவள் போனில் சார்ஜ் இல்லை. நான்தான் எடுத்துப் போட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

அக்கா லேபில் குதிக்காத குறை. முருகானந்தம் சார் கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் ஏதோ கேட்க வந்தவர் அங்கேதான் நின்றிருந்தார்.

"சார், யானை வராத பக்கத்துல ஒண்ணு வந்திருக்கு! வேன் ஆறு. ரெண்டெழுத்து இல்ல, நல்லா நீளமா எழுதியிருக்காங்க. யாரும் சொல்லிக்கொடுக்காம ஒருத்தர் தானா தேடிப் போயிருக்காங்க. எனக்கு அவங்களைத்தான் பார்க்கணும். என்ன எழுதியிருக்காங்கன்னு பார்த்தீங்களா?"

சார் தலையைச் சொறிந்தார். "அது எங்க வருதுன்னே எனக்குத் தெரியாதுங்களே."

ஒருவரும் எதையும் படிக்கவில்லை. பத்து நாளாக வந்தவை எல்லாம் அப்படியே கிடந்தன. யானை பெற்றோருக்குத்தான் வழி காட்டியது, சாருக்குக் காட்டவில்லை. அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவரே சாரின் போனை வாங்கித் திறந்து கொடுத்தார். சார் மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு வெளியே போனார்.

யார் அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் எங்களை வேறு டிரைவர் கொண்டுவந்து விட்டார்.

ஜூலை 19, சனி

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்கவில்லை. "எவனோ போட்டுக் குடுத்துட்டான். முருகானந்தம் சாரு திங்கக்கிழம பெத்தவங்கள வரச் சொல்லியிருக்காரு. அதுக்கப்புறந்தான் சாவி" என்றார்.

"எவனோ என்ன எவனோ? அமுதவல்லிதான்" என்றாள் அம்மா. "புள்ளைக்கு ஒதடு கிழிஞ்சதாமா. டீயுங் குடுத்துப்போட்டு, குழியும் பறிச்சுட்டா பாருங்."

"அமுதவல்லி அப்படிச் செய்யாது" என்றார் அப்பா.

"அப்ப நானா செஞ்சேன்?"

ஆமாம், உன் போன்தான் அம்மா, அனுப்பியது நான். எழுதிவிட்டேன். இதை அடிக்கவும் பயமாக இருக்கிறது, அப்படியே விடவும் பயமாக இருக்கிறது. 17ஆம் தேதி எழுதியதில் சார்ஜ் போட்டது மட்டும் உண்மை.

அம்மா ஃபிளாஸ்க்கைக் கழுவி எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். என்னையும் கூட வரச் சொன்னாள். அமுதவல்லி அக்கா வாசலுக்கு வந்தார்.

"இந்தா உன்ற ஃபிளாஸ்க்கு. இனி எங்களுக்கு உன்ற டீ வேண்டாம்."

"என்னங்க்கா இப்படிப் பேசறீங்? சத்தியமா நா இல்லீங். என்ற புள்ள மேல சத்தியம்."

"புள்ள மேல சத்தியம் பண்ணாத. ஏற்கெனவே அதுக்கு ஒதட்டுல காயம்" என்றாள் அம்மா. தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அழுதார். தன்யா கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

மாவு ஆட்டினேன். அமுதவல்லி அக்கா வேன் ஆறு வீடுகளுக்கெல்லாம் போய் வருகிறாராம். நாளைக்கு எல்லோரும் வந்து அப்பாவுக்காகப் பேச வேண்டும் என்று கேட்கிறாராம். தன் மேல் பழி போக அவருக்கு வேறு வழி இல்லை.

எல்லோரும் பேசினால் அப்பாவுக்குச் சாவி கிடைக்கும். பிறகு வாய்க்கால் பாலம்.

ஜூலை 21, திங்கள்

காலையில் ஜெசிந்தா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். லேபில் யாரும் இல்லை.

"புதுசா தேடுறவங்க அங்க இங்க போய் முட்டிட்டு வருவாங்க மேகலா. யானை காட்டினாக்கூட ஒரு தடவை தப்பான இடத்தைத் தொடுவாங்க. இவங்க எங்கயுமே நிக்கலை. நேரா போய், எழுதி, அனுப்பியிருக்காங்க. முன்னாடியே வழி தெரிஞ்சவங்க."

நான் மவுஸ் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"கம்பெனிப் பக்கம் பார்த்தா யாரோட போன்னு எனக்குத் தெரியும். சாருக்குத் தெரியாது, தெரியவும் போறதில்லை. ஆனா இதை என் கணக்குல சேர்க்க முடியாது. யானை இல்லாம தானா கண்டுபிடிச்சதுன்னு நான் எழுதினா அது பொய்."

"கணக்குல இல்லைன்னா, எழுதினதும் இல்லைன்னு ஆயிருமாக்கா?"

"ஆகாது." லேப்டாப்பை மூடிவிட்டு, "நீ எழுதினது நிஜமா?" என்று கேட்டார்.

"வேன் ஆறு ஓட்டறது எங்க அப்பாங்க்கா" என்றேன். 

மதியம் கூட்டம். நாற்காலி போட என்னைத்தான் அனுப்பினார்கள். அப்பா ஓரமாக, துவைத்த காக்கிச் சட்டையில் நின்றிருந்தார். அமுதவல்லி அக்காதான் முதலில் எழுந்தார்.

"எங்க அண்ணன் தூங்கவே மாட்டாருங் சார். பச்சப்புள்ளயாட்ட எல்லாத்தையும் பாத்துக்குவாரு."

"தங்கமான மனுசன்" என்று இன்னொருவர் சொன்னார். விளக்குப் போடும் அம்மாவும் அதையே சொன்னார். தன்யா தன் அம்மாவின் மடியில் உட்கார்ந்து உதட்டுக் காயத்தை நாக்கால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ யாரோ கை தவறி அழுத்தியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு முருகானந்தம் சார் சாவியைக் கொடுத்தார்.

கதவுப் பக்கம் ஜெசிந்தா அக்கா நின்றிருந்தார். கை தவறி அவ்வளவு எழுத முடியாது என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அவரும் திறந்திருப்பார் என்று நினைக்கிறேன். நான் திறக்கவில்லை. நாற்காலிகளை அடுக்கினேன்.

ஜூலை 22, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

காலையில் அப்பா மில்லிலிருந்து வந்ததும் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் முன்சீட்டில் இருந்தேன். சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். "பாத்தியாம்முணி, சனம் நம்ம பக்கம்" என்றார். இரண்டாவது ஸ்டாப் தாண்டியதும் பேச்சு பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. "அப்பா!" என்று கத்தினேன். உடம்பு தூக்கிப்போட ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

மூன்றாவது ஸ்டாப்பில் தன்யா பையோடு நின்றாள். அவள் அம்மா கையில் ஃபிளாஸ்க் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் கொண்டுவந்திருந்தார். நான் இறங்கி வேன் படியில் குறுக்கே நின்றேன்.

"தன்யா, ஏறாத."

"ஏங் கண்ணு, என்னாச்சு?" என்றார் அமுதவல்லி அக்கா.

"நான்தானுங்க்கா ஆப்ல எழுதினது. நீங்க இல்ல. அப்பா தூங்கறாரு. உங்களுக்கும் தெரியும்."

பின்னால் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள்.  நான் படிக் கம்பியை விடவில்லை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "ஏறம்முணி, நேரமாச்சு" என்றார், சத்தம் போடாமல்.

"மாட்டனுங்ப்பா."

"அம்முணி."

"மில்லுக்குப் போயிட்டு வந்து ஓட்டறதுன்னா ஏறமாட்டேன்."

அமுதவல்லி அக்கா தன்யாவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.  உள்ளே இருந்தவர்களில் ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பிறகு இன்னொருத்தி.

அப்பா இன்ஜினை அணைத்தார். போனை எடுத்தார்.

"சார், துரைசாமி பேசறனுங். வேன் ஆறுக்கு வேற ஆளை அனுப்புங்... இல்லீங் சார், வண்டிக்கு ஒண்ணுமில்லீங். எனக்குத்தானுங்."

வேறு டிரைவர் வரும்வரை அப்பா வண்டியை விட்டு இறங்கவில்லை. வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போகவா என்று தெரியாமல் நின்றேன். அமுதவல்லி அக்கா என்னை வேனில் ஏற்றிவிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

அப்பா வேன் வேலையை விட்டுவிட்டார். மில் வேலையை விட முடியாது. இப்போது பகலில் தூங்குகிறார். புது டிரைவர் சந்துக்குள் வருவதில்லை, எல்லோரும் மெயின் ரோட்டுக்கு நடக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என்னைப் பார்த்து, "சொந்த அப்பனையே" என்று ஒருவர் ஆரம்பித்தார். அமுதவல்லி அக்கா தன் குடத்தை நங்கென்று வைத்தார். ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

டிரைவர் பிள்ளைகளுக்குத்தான் வேன் இலவசம். நான் டவுன் பஸ்ஸில் போகிறேன்.

அம்மா பேசுகிறாள், திட்டவும் செய்கிறாள். அப்பா என்னிடம் பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜெசிந்தா அக்கா கடைசியாக வந்தார். யானையை எல்லா வேனுக்கும் விடப்போகிறார்களாம். அழுத்தினார்களா என்று மட்டும் பார்க்காமல், சார் திறந்து படித்தாரா, படித்தபின் என்ன செய்தார் என்பதையும் இனி எண்ணப்போகிறார்களாம். முருகானந்தம் சாருக்கும் ஒரு யானை உண்டு.

"வேன் ஆறை என்னக்கா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"கணக்குல இல்லை. தனியா ஒரு பக்கம் எழுதியிருக்கேன். யாருக்கும் வழி தெரியாம இல்லை, மனசு வரலைன்னு" என்றார். கிளம்பும்போது தன் பேனாவை எனக்குக் கொடுத்தார். அதில்தான் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பா சாயங்காலம் எழுந்து, ஷிப்டுக்குக் கிளம்ப முகம் கழுவிவிட்டு வந்தார். கண்ணில் சிவப்பு இல்லை. நான் தூக்குப்போசியில் சோறு போட்டு மூடிக்கொண்டிருந்தேன். வாங்கிக்கொண்டவர் வாசல்வரை போய் நின்றார். திரும்பவில்லை.

"ஏம்முணி, டவுன் பஸ்ல உக்கார எடங் கிடைக்குதா?"

"கிடைக்குதுங்ப்பா" என்றேன்.

ஒரு நாள்கூடக் கிடைத்ததில்லை. நின்றுகொண்டுதான் போகிறேன்.